சனிக்கிழமைச் சம்பளமும் ரேஷன் அரிசியும்

கேள்வி இதுதான்: "எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்கா, உரிமைத் தொகை விஷயமாக பேங்குக்குப் போக வேண்டும் என்று அரை நாள் லீவு கேட்டார். இலவச அரிசி, இலவச பஸ், மாதம் ஆயிரம் என்று இத்தனை கொடுத்தும் அவர் குடும்பம் பத்து வருடமாக அதே வாடகை வீட்டில்தான் இருக்கிறது. அரசுத் திட்டங்களால் உழைக்கிற குடும்பங்களின் வாழ்க்கை உண்மையிலேயே உயர்ந்திருக்கிறதா? இந்தப் பணத்தில் வேலைவாய்ப்பை உருவாக்கியிருந்தால் நல்லதாக இருந்திருக்காதா?"

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. அந்த அக்காவுக்கு வேலை இருக்கிறது. உங்கள் வீட்டில் மட்டுமல்ல, அநேகமாக இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இருக்கும். அவர் வீட்டுக்காரரும் ஏதோ ஒரு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருப்பார். தமிழ்நாட்டில் இந்தத் திட்டங்களை வாங்குகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பவர்கள் இல்லை. வேலை செய்தும் கூலி போதாதவர்கள். இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

நான் திருப்பூரில் பதினோரு வருடம் பனியன் கம்பெனியில் இருந்தேன். கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவும் ஆளாகச் சேர்ந்து, பிறகு தைத்த துணியைச் சரிபார்க்கிற செக்கிங்குக்குப் போனேன். அப்புறம் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் நலவாரிய (தொழிலாளர்களுக்கு உதவித்தொகையும் ஓய்வூதியமும் கொடுக்கிற அரசு வாரியம்) விண்ணப்பங்கள் எழுதிக் கொடுக்க உட்கார்ந்தேன். அது ஆகிவிட்டது பதினைந்து வருடத்துக்கு மேல். அதனால் நான் சொல்வதில் பாதி படித்தது, பாதி மேஜைக்கு எதிரே உட்கார்ந்தவர்களிடம் கேட்டது.

திருப்பூரில் சம்பளம் வாரச் சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை கறி, காய், வாரச்சீட்டு, பழைய கடன். செவ்வாய்க்கிழமை கை காலியாகிவிடும். புதன்கிழமையிலிருந்து மளிகைக்கடை நோட்டில் எழுதிக்கொண்டு சனிக்கிழமையை எதிர்பார்ப்பது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த நோட்டில் முதல் வரியே அரிசிதான். அரிசிக் கடன் இருக்கிற வீட்டில் வேறு எந்தக் கடனையும் யோசிக்க முடியாது.

அந்த முதல் வரி இப்போது நோட்டில் இல்லை. 2006 ஜூனில் ரேஷன் அரிசி கிலோ இரண்டு ரூபாய் ஆனது. 2008 செப்டம்பரில் ஒரு ரூபாய். 2011 ஜூன் 1 முதல் மாதம் 20 கிலோ வரை விலை இல்லாமலே வந்தது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசி சில மாதம் நன்றாக இருக்கும், சில மாதம் வாடை அடிக்கும். நல்லதாக வந்தால் சோறு, இல்லாவிட்டால் மாவு அரைத்து இட்லி தோசை. எப்படியானாலும் வாரத்தின் கடைசி மூன்று நாள் பட்டினி என்ற பயம் போனது. பயம் போனது என்று நான் சொல்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கங்காணியோ காண்ட்ராக்டரோ "நாளைக்கு வர வேண்டாம்" என்று சொன்னால் பதில் பேச முடிகிறவருக்கும் முடியாதவருக்கும் நடுவே இருப்பது பல நேரம் அந்த 20 கிலோதான்.

இதில் தமிழ்நாடு எடுத்த ஒரு முடிவைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1997-இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று பிரித்தது. தமிழ்நாடு அப்படிப் பிரிக்கவில்லை. அரிசி வேண்டும் என்று கேட்கிற எல்லாக் கார்டுக்கும் அரிசி. "காரில் வருகிறவனுக்கும் ஏன் அரிசி?" என்று அப்போதிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எனக்கும் ஒரு காலத்தில் அந்தக் கேள்வி இருந்தது. பனியன் வேலையைப் பார்த்த பிறகு இல்லை. ஆர்டர் இருக்கும்போது ஒன்றரை ஷிஃப்ட் (பன்னிரண்டு மணி நேரம்) பார்க்கிற டெய்லர் குடும்பத்துக்கு வருமானம் நன்றாகவே இருக்கும். ஆர்டர் நின்ற மாதம் அதே குடும்பம் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்கும். எந்த மாதம் வந்து கணக்கெடுத்து அவர்களை ஏழை என்றோ இல்லை என்றோ எழுதுவீர்கள்? பட்டியல் போட்டிருந்தால் முதலில் விடுபடுவது இந்த மாதிரி, ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்கிற குடும்பங்கள்தான். ஒரே குறை, கார்டு சொந்த ஊரில் இருந்தால் அரிசியும் சொந்த ஊரிலேயே கிடந்தது. தேனியிலும் திண்டுக்கல்லிலும் கார்டை வைத்துவிட்டு இங்கே கடை அரிசி வாங்கியவர்கள் ஏராளம். 2020 அக்டோபரில் எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஆன பிறகுதான் அது ஓரளவு சரியானது.

அடுத்து காலை உணவு. பள்ளியில் சோறு போடுவது நம் ஊரில் புதிது இல்லை. 1920-இல் தியாகராய செட்டியார் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது. 1956-இல் காமராஜர், 1982-இல் எம்.ஜி.ஆர். என்று அது வளர்ந்தது. 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டபோது தமிழ்நாட்டில் அது ஏற்கெனவே வழக்கமாகியிருந்தது. இதெல்லாம் மதிய உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசு தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய் போட்ட சாம்பார். சமைப்பவர்கள் பெரும்பாலும் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள், பல ஊர்களில் அதே பள்ளியில் படிக்கிற குழந்தையின் அம்மாவே.

இதைப் பலரும் சத்து, வருகைப் பதிவு என்று பேசுகிறார்கள். அது சரிதான். நான் பார்ப்பது கடிகாரத்தை. பனியன் கம்பெனியில் காலை எட்டரைக்கு ஷிஃப்ட். எட்டரைக்கு மெஷினில் இருக்க வேண்டும் என்றால் ஏழே முக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீட்டில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய், இரண்டு கக்கூஸ். தண்ணீர் பிடித்து, வரிசையில் நின்று, மதியத்துக்குக் கட்டி, பிள்ளைகளுக்குத் தலை பின்னி, காலைப் பலகாரமும் செய்வது என்றால் நாலரைக்கு எழ வேண்டும். ராத்திரி எட்டரைக்கு ஷிஃப்ட் விட்டு, ஒன்பதரைக்குச் சமைத்து, பதினொன்றுக்குப் படுத்தவள் நாலரைக்கு எழுகிறாள். முடியாத நாளில் குழந்தை டீயும் வர்க்கியும் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போகும். நானே என் பெண்ணை அப்படி அனுப்பியிருக்கிறேன், ரொம்ப நாள். காலை உணவு வந்த பிறகு செக்கிங்கில் இருந்த ஒருத்தி என்னிடம் சொன்னாள்: "அக்கா, இப்ப அஞ்சே காலுக்கு எந்திரிக்கறேங்க." முக்கால் மணி நேரத் தூக்கம். அதற்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் கட்டம் இல்லை. ஆனால் வாழ்க்கைத் தரம் என்று நீங்கள் கேட்பது அதைத்தான் என்று நான் நினைக்கிறேன்.

பஸ்ஸும் அப்படியே. 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாநிலத் திட்டக் குழு ஆய்வு செய்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று சொன்னது. மிச்சத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று எங்கள் தெருவில் நடந்தது. பஸ் காசு இருந்த வரைக்கும் பெண்கள் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற கம்பெனிக்குத்தான் போவார்கள். அங்கே ஷிஃப்டுக்கு நாற்பது ஐம்பது ரூபாய் குறைவாகக் கொடுத்தாலும் போவார்கள், ஏனென்றால் தள்ளிப் போனால் அந்த ஐம்பதும் பஸ்ஸுக்கே போய்விடும். முதலாளிக்கும் அது தெரியும். இலவச பஸ் வந்த பிறகு, "அந்தப் பக்கம் கூடத் தர்றாங்களாம்" என்று இரண்டு ஸ்டாப், நாலு ஸ்டாப் தள்ளிப் போக ஆரம்பித்தார்கள். கூலியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லாத உத்தரவு கூலி பேரத்தில் அவர்களுக்கு உதவியது. ஆனால் ராத்திரி ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்கு கட்டணம் இல்லாத வெள்ளை போர்டு பஸ் கிடைப்பது கஷ்டம். அப்போது ஷேர் ஆட்டோதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாதம் ஆயிரம், அதாவது மகளிர் உரிமைத் தொகையைப் பற்றி. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு வந்தது. விண்ணப்பித்தவர்கள் சுமார் 1 கோடியே 63 லட்சம். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள், ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் மின்சாரம் என்று கணக்கு வைத்து மற்றவர்களைக் கழித்தார்கள். அரிசியில் பட்டியல் போடாத அரசு இதில் பட்டியல் போட்டது, விடுபட்டவர்களின் மனத்தாங்கலும் கூடவே வந்தது. எங்கள் பக்கம் அந்த ஆயிரம் எங்கே போகிறது என்று கேட்டால், நிறையப் பேருக்குக் குழுக் கடனுக்கு. மைக்ரோ ஃபைனான்ஸ்காரர் வாரா வாரம் வந்து தெருவில் எல்லாப் பெண்களையும் உட்கார வைத்து வசூலிப்பார். ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எழுந்து போக முடியாது. அந்த நாள் கௌரவமாகக் கழிவதற்கு இந்த ஆயிரம் உதவுகிறது. உதவித் தொகை என்று சொல்லாமல் உரிமைத் தொகை என்று பெயர் வைத்தது எனக்குப் பிடித்திருக்கிறது. சம்பளம் இல்லாமல் வீட்டில் செய்கிற வேலைக்கு ஒரு மரியாதை என்று அரசு எழுத்தில் ஒப்புக்கொண்டது அதில்தான்.

மருத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994-இல் மருந்து வாங்குவதற்கென்றே தமிழ்நாடு ஒரு கழகம் அமைத்தது. ஆரம்ப சுகாதார நிலையம் வரை மருந்து இலவசமாகப் போய்ச் சேருவது அதனால்தான். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் அது மாற்றி அமைக்கப்பட்டு, இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. 2021 ஆகஸ்டிலிருந்து சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஒரு ஆபரேஷனால் தாலிக்கொடி வரை அடகுக்குப் போன வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அது முழுக்க நிற்கவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

சரி, உயர்ந்ததைச் சொன்னேன். உயராமல் நின்ற இடங்களுக்கு வருகிறேன். உங்கள் அக்கா ஏன் பத்து வருடமாக அதே வாடகை வீட்டில் இருக்கிறார் என்பதற்கு விடை இங்கேதான்.

2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முதல் 100 யூனிட் மின்சாரம் இலவசம். லைன் வீட்டில் குடியிருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வீட்டு ஓனர் தனி மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வாங்குகிறார். அரசு கொடுத்த நூறு யூனிட் வாசல் வரை வந்து ஓனர் பையில் நின்றுவிடுகிறது. அரிசியும் பஸ்ஸும் நேரே குடியிருக்கிற பெண்ணின் கைக்கே வருகிறது, மின்சாரம் இன்னொருவர் வழியாக வருகிறது. எந்தத் திட்டத்தைப் பார்த்தாலும் இந்த ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும் என்று சங்கத்துக்கு வரும் பிள்ளைகளிடம் சொல்வேன்.

வீடு விஷயம் இன்னும் வருத்தமானது. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டினார்கள். மெரினா பக்கம் இன்றும் அந்தப் பழைய கட்டடங்களைப் பார்க்கலாம். பிறகு சென்னை நிலம் விலை ஏற ஏற, கூவம், அடையாறு கரையில் இருந்தவர்களை ஒக்கியம் துரைப்பாக்கம் கண்ணகி நகருக்கும், செம்மஞ்சேரிக்கும், பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கு மேல் வீடுகள். தொடக்கத்தில் கட்டியவை 200 சதுர அடிகூடக் கிடையாது. கான்கிரீட் கூரை, கதவு, பட்டா மாதிரி ஒரு காகிதம் எல்லாம் கிடைத்தன. ஆனால் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் நாலு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு நாளில் மூன்று நான்கு மணி நேரம் பஸ்ஸில் போனது. நாலு வீடு இரண்டு வீடாகக் குறைந்தது, பலருக்கு வேலையே போனது. படிப்பு நடுவில் நின்ற பிள்ளைகளும் உண்டு. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் வீடு பெற்ற குடும்பம். அவர்கள் வாழ்க்கையில் நேரமும் கூலியும் பறிபோன குடும்பம். காலை உணவு முக்கால் மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தது என்றேன் அல்லவா? இந்த வீடு அதைப்போல நான்கு ஐந்து மடங்கை எடுத்துக்கொண்டது.

அப்புறம் கூலி. இதைத்தான் நான் மிக முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1948-இல் வந்தது. அதிகபட்சம் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது கூலியை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டமே சொன்னது. தமிழ்நாட்டில் ஆயத்த ஆடைத் தொழிலுக்கு 2004-இல் கூலி நிர்ணயித்தார்கள். அடுத்தது 2014-இல். அதையும் எதிர்த்து நூற்றுக்கணக்கான மனுக்களோடு முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அரசு அறிவிப்பு செல்லும் என்று சொன்னது. ஆக, ஒரு பெண் தொழிலாளிக்கு அரசு சொன்ன கூலி உயர்வு சட்டப்படி உறுதிப்படப் பன்னிரண்டு வருடம் ஆனது. இதே பன்னிரண்டு வருடத்துக்குள் ரேஷன் அரிசி இரண்டு ரூபாய், ஒரு ரூபாய், இலவசம் என்று மூன்று படி இறங்கிவிட்டது. இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆட்சியில் இருந்த காலம் அது, யாரையும் தனியாகக் குற்றம் சொல்லவில்லை. அரசு தன் கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுக்கிற இடத்தில் வேகமாக நடக்கிறது. முதலாளியின் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொல்கிற இடத்தில் தயங்கித் தயங்கி நடக்கிறது. உழைக்கும் குடும்பம் ஒரு அளவுக்கு உயர்ந்து அங்கேயே நிற்பதற்கு இதுதான் காரணம் என்பது என் தீர்மானமான கருத்து.

தயக்கம் இல்லாத சில இடங்களும் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. 2021-இல் கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டத் திருத்தம் வந்தது. கேரளத்துக்குப் பிறகு தமிழ்நாடு. ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று கால் நரம்பு சுருண்டு போன பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நின்றவர்களுக்குத் தெரியும். 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பகுதியில் ஒரு தனியார் விடுதி உணவால் நூற்றுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர்கள் நோய்வாய்ப்பட, மற்றவர்கள் சென்னை–பெங்களூரு சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் அளவுக்கு அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. அந்தப் பெண்கள் சாலையில் உட்காராமல் இருந்திருந்தால் இது இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது என்றுதான் நான் நம்புகிறேன். இன்னொரு பக்கம், 2023 ஏப்ரலில் வேலை நேரத்தைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எல்லாம் சேர்ந்து எதிர்த்ததும் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். எங்கள் ஊரில் ஒன்றரை ஷிஃப்ட் ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம்தான். ஆனால் அந்த அரை ஷிஃப்டுக்குத் தனிக் காசு கேட்க முடிகிறது. எட்டு மணி நேரத்துக்கு மேல் எல்லாமே மிகை நேரம் என்ற கோடு அழிந்தால் அந்தக் காசையும் கேட்க முடியாது.

நலவாரியங்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் என் தினசரி வேலை அது. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு 1982-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. கட்டடத் தொழிலாளர்கள் பல வருடம் போராடி 1994-இல் தங்களுக்கென்று வாரியம் பெற்றார்கள். இன்றும் வாரியங்களிலேயே அதுதான் வலுவானது. காரணம் எளிது. ஒருவர் கட்டடம் கட்டினால் அதன் மதிப்பில் ஒரு சதவீதம் அந்த வாரியத்துக்கு வந்தாக வேண்டும். பட்ஜெட்டில் யார் மனம் வைத்தாலும் வைக்காவிட்டாலும் பணம் வரும். வேலையிடத்தில் விபத்தில் இறந்தால் குடும்பத்துக்கு லட்சக்கணக்கில் கொடுக்க முடிவது அதனால்தான். தையல் தொழிலாளிக்கோ வீட்டு வேலை செய்பவருக்கோ அப்படிக் கட்டாயமாக வரும் ஊற்று எதுவும் இல்லை, ஆகவே அவர்கள் வாரியத்தில் கிடைப்பதும் குறைவு. அறுபது வயதுக்குப் பிறகு மாதம் 1,200 ரூபாய் ஓய்வூதியம் என்பது 2023-இல் உயர்த்தியது.

அந்த 1,200-க்கும் வழியில் எத்தனை முள். முப்பது வருடம் சித்தாள் வேலை பார்த்த ஒரு பாட்டி என்னிடம் வந்தார். ஆதாரில் ஒரு வயது, ரேஷன் கார்டில் இன்னொரு வயது, வாரிய அட்டையில் மூன்றாவது வயது. நடுவில் ஒருமுறை புதுப்பிக்காமல் விட்டிருந்தார். அலைந்து அலைந்து ஓய்வூதியம் வர ஒன்றே முக்கால் வருடம் ஆனது. ஒவ்வொரு அலைச்சலும் ஒரு நாள் கூலி. உங்கள் அக்கா அரை நாள் லீவு கேட்டார் என்றீர்களே, திட்டத்தைப் பெறுவதற்கே உழைப்பவர் கொடுக்கிற விலை அது.

இந்தப் பணத்தில் வேலைவாய்ப்பை உருவாக்கியிருக்கலாமே என்றீர்கள். நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் வேலை உருவாகாமல் இல்லை. இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் இங்கேதான் இருக்கிறார்கள். வேலைக்கு வந்த பெண் அதில் நிற்க முடிகிறதா என்பதுதான் விஷயம். அவளை வேலைக்கு அனுப்புவது பஸ், காலை உணவு, ரேஷன் எல்லாம் சேர்ந்துதான். இவற்றை வேலைவாய்ப்புக்கு எதிராக வைத்துப் பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பணத்தைப் பற்றிக் கவலை என்றால் வேறொரு கணக்கைப் பாருங்கள். உரிமைத் தொகைக்கு 2024–25 பட்ஜெட்டில் ஒதுக்கியது 13,720 கோடி. அதற்கு முந்தைய ஆண்டில் டாஸ்மாக் மதுக்கடைகள் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,855 கோடி. அந்தப் பணத்தில் பெரும்பகுதி இதே சனிக்கிழமைச் சம்பளத்திலிருந்துதான் வருகிறது. சம்பளத் தேதியன்று சாயங்காலம் எங்கள் ஊர் பாரில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவள் நான். ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று பேசும்போது எவ்வளவு எடுக்கிறோம் என்பதையும் பேசத்தான் வேண்டும்.

என்னிடம் ஒரே ஒரு திட்டம் கேட்கச் சொன்னால் குழந்தைகள் காப்பகம் கேட்பேன். மாநிலத்தில் 54 ஆயிரம் அங்கன்வாடிகள் இருக்கின்றன. கட்டடம், டீச்சர், சத்துமாவு எல்லாம் இருக்கிறது. சாயங்காலம் நான்கு மணிக்குள் பூட்டிவிடுகிறார்கள். ஷிஃப்ட் விடுவது ஐந்தரைக்கு, ஒன்றரை ஷிஃப்ட் என்றால் எட்டரைக்கு. நடுவில் இருக்கும் நேரத்துக்குப் பாட்டி இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் பத்து வயது அக்கா இரண்டு வயதுத் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் காப்பகம் வேண்டும் என்று 2017 சட்டத் திருத்தம் சொன்னது. சின்ன கம்பெனிகளில் ஆளை நாற்பது, நாற்பத்தைந்து என்று ரிஜிஸ்டரில் நிறுத்திக்கொள்வார்கள். தொழிற்பேட்டை இருக்கிற ஊர்களிலாவது அங்கன்வாடியை ராத்திரி ஒன்பது வரை திறந்து வைத்து, இரண்டாவது ஷிஃப்டுக்கு இன்னொரு டீச்சரைப் போட்டால், அந்த வேலையும் ஒரு பெண்ணுக்குத்தான் கிடைக்கும்.

கடைசியாக, உங்கள் வீட்டு அக்காவுக்கு நீங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லிருந்து தமிழ்நாட்டில் நலவாரியம் உண்டு. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அவரிடம் அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், போட்டோ எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்கோ, மாவட்டத்தில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்துக்கோ போகச் சொல்லுங்கள். வேலைச் சான்றுக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று அங்கேயே சொல்வார்கள். போகிற நாளுக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். விண்ணப்பத்தில் பிறந்த தேதியை எழுதும்போது பக்கத்தில் இருந்து, ஆதாரில் உள்ளபடியே எழுதியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக் கொடுங்கள்.